என் கேனில் பொங்கியதும் மதுதான்

போன மாதம் எங்கள் குழுக் கூட்டத்தில் கள் பற்றிப் பேச்சு வந்தது. தென்னூர் உழவர் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு நண்பர் வீட்டு மொட்டை மாடி. இருபது பேர் இருந்திருப்போம். "1987-லேர்ந்து நம்ம மரத்துல நாம கள் இறக்க முடியல. பக்கத்துல கேரளாவுல இறக்குறாங்க, விக்கிறாங்க. இங்க மட்டும் மரமேறி குற்றவாளி" என்று ஒருவர் பேசினார். எல்லோரும் கைதட்டினோம். நானும் தட்டினேன். எனக்கு அதில் மாற்றுக் கருத்து கிடையாது. அடுத்து எழுந்தவர், "கள் மதுவே இல்லைங்க, உணவு. இயற்கையா இறங்குறது. எவ்வளவு குடிச்சாலும் ஒண்ணும் பண்ணாது" என்றார். அதற்கும் கைதட்டல். இந்த முறை என் கை எழவில்லை.

ஏன் என்று அங்கேயே எழுந்து சொல்லியிருக்க வேண்டும். தைரியம் வரவில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் வங்கியில் வேலை பார்த்தபோது நாலு வருஷம் பாலக்காடு மாவட்டத்தில் இருந்தேன். சித்தூர் பக்கம் தென்னந்தோப்புகளில் கள் இறக்குவதை அங்கேதான் கிட்டத்தில் பார்த்தேன். காலையில் இறக்கிய கள்ளுக்கும் சாயங்காலக் கள்ளுக்கும் உள்ள வித்தியாசத்தை மரமேறிகள்தான் சொல்லிக் கொடுத்தார்கள். பாளையிலிருந்து சொட்டும்போது அது வெறும் இனிப்பு நீர். கலயத்தில் விழுந்த நேரத்திலிருந்தே ஈஸ்ட் வேலையைத் தொடங்கிவிடும். சில மணி நேரத்தில் நுரை, புளிப்பு, கிறுகிறுப்பு எல்லாம் வந்துவிடும். கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் அந்த வேலை நிற்கும், அதுதான் பதநீர். ஒரே மரம், ஒரே பாளை. நடுவில் ஒரு விரல் சுண்ணாம்புதான் வித்தியாசம். எனக்கு இது பெரிய அதிசயமாக இருந்தது. நொதித்தல் என்ற விஷயத்தின் மேல் பித்துப் பிடித்தது அங்கேதான்.

ஓய்வு பெற்று லால்குடி பக்கம் இரண்டரை ஏக்கரில் இறங்கியபோது அந்தப் பித்து நல்ல வழியில்தான் போனது. பஞ்சகவ்யா, மீன் அமிலம், தேமோர்க் கரைசல் என்று டிரம் டிரம்மாகப் போட்டேன். பிறகு ஒரு வருஷம் பூவன் விலை படுத்துவிட்டது. காந்தி மார்க்கெட்டுக்குத் தார் ஏற்றினால் வண்டி வாடகைக்கே சரியாகப் போகும் என்ற நிலை. பழுத்துக் கருத்த பழத்தை என்ன செய்வது? பாதியைப் பழக்கரைசல் போட்டேன். மீதிப் பாதியை 20 லிட்டர் தண்ணீர் கேனில் போட்டு ஒயின் ஆக்கினேன்.

இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. 1937-ம் வருஷத்து மதுவிலக்குச் சட்டப்படி தமிழ்நாட்டில் உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம், வீட்டுக்குள் செய்தாலும் குற்றம்தான். கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து முப்பத்தாறு வருஷம் விதி பேசியவனுக்கு இது தெரியாதா? தெரியும். "நான் விக்கலையே, என் பழம், என் கேன்" என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஐந்து வருஷம் இது ஓடியது. வாழை, திராட்சை, நாவல், கொய்யா. ஹைட்ரோமீட்டர் வாங்கினேன். ஒவ்வொரு கேனுக்கும் நோட்டில் ஒரு பக்கம். மூடியில் டியூப் சொருகி, மறுமுனையைத் தண்ணீர் பாட்டிலில் விட்டு, ராத்திரி அந்தக் குமிழிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே தூங்குவேன். வேறு ஊரில் இதே பழக்கம் உள்ளவர்கள் இதைப் படித்தால் புரிந்துகொள்வார்கள். அந்தச் சத்தத்தில் ஒரு நிம்மதி உண்டு.

முதலில் உண்மையை முகத்தில் அடித்தாற்போல் சொன்னவர் எங்கள் வயலில் வேலை பார்க்கிறவர். ரொம்ப நல்ல வேலைக்காரர், சாயங்காலம் ஆனால் ஒரு குவார்ட்டர். ஒருநாள் நான் வழக்கம்போல் ஆரம்பித்தேன்: "ஏம்ப்பா, அந்தக் கடை விஷத்த ஊத்திக்கிறியே, உடம்பு என்னத்துக்கு ஆகும்?" அவர் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டே, "நீங்க ராத்திரி குடிக்கிறது பழச்சாறா சார்?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே கேட்ட மாதிரிதான் இருந்தது. "அது வேற, இது வேற" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

வேறதானா என்று அன்றைக்குக் கணக்குப் போட்டிருக்க வேண்டும். போடவில்லை. ஒரு வருஷம் கழித்து தில்லைநகரில் ரத்தப் பரிசோதனை செய்து, ஜி.ஜி.டி. ஏறியிருக்கிறது, ஸ்கேனில் கல்லீரலில் கொழுப்பு என்று வந்த பிறகுதான் போட்டேன். டாக்டர் சின்னப் பெண், என் மகள் வயசு இருக்கும். "டிரிங்க்ஸ் எடுப்பீங்களா சார்?" என்று கேட்டார். "இல்லம்மா. வீட்டுல பண்ற ஒயின் மட்டும்தான்" என்றேன். அவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். வீட்டம்மா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கணக்கு இதுதான். விரும்பினால் நீங்களும் போட்டுப் பாருங்கள், எட்டாம் வகுப்புக் கணக்குதான். மதுவில் நம்மை மயக்குவது எத்தனால். ஒரு மில்லி எத்தனாலின் எடை 0.79 கிராம். கடையில் விற்கிற பிராந்தி, விஸ்கியில் 42.8 சதவீதம் எத்தனால் இருக்கிறது. ஒரு குவார்ட்டர் 180 மில்லி. ஆக 77 மில்லி எத்தனால், சுமார் 61 கிராம். என் வாழைப்பழ ஒயின் ஹைட்ரோமீட்டரில் 1.090-ல் ஆரம்பித்து 1.000-க்குக் கீழே வந்து நிற்கும். அப்படியென்றால் 12 சதவீதம். 750 மில்லி பாட்டில் ஒன்றில் 90 மில்லி எத்தனால், 71 கிராம்.

நான் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் "இயற்கை" என்று சொல்லிக் காலி பண்ணிய ஒரு பாட்டில், அவருடைய குவார்ட்டரைவிடப் பத்து கிராம் அதிகம்.

கள்ளையும் போட்டுப் பார்ப்போம். தென்னங்கள்ளில் 4 முதல் 6 சதவீதம் எத்தனால் இருக்கும். 5 என்று வைத்தால் ஒரு லிட்டரில் 40 கிராம். ஒன்றரை லிட்டர் கள் ஒரு குவார்ட்டருக்குச் சமம். கள்ளில் சர்க்கரை இருக்கிறது, சில வைட்டமின் இருக்கிறது, வயிறு நிறைவதால் பிராந்தி மாதிரி மடமடவென்று உள்ளே போகாது. அதெல்லாம் உண்மை, மறுக்கவில்லை. ஆனால் கல்லீரலுக்குப் பனைமரம் எது, பேக்டரி எது என்று தெரியாது. வருகிற எத்தனாலை மணிக்கு 7 முதல் 10 கிராம் வரைதான் அதனால் கழிக்க முடியும். மீதி வரிசையில் நிற்கும்.

மதுபானத்தைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பட்டியலில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1988-லேயே சேர்த்துவிட்டது. இந்த அளவு வரை ஆபத்தில்லை என்று சொல்லக்கூடிய அளவே கிடையாது என்று 2023 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனமும் சொன்னது. பூச்சிமருந்துக்கு இதே மாதிரி ஓர் அறிக்கை வந்தால் நாம் பிரிண்ட் எடுத்துக் கூட்டத்தில் ஒட்டுவோம். எண்டோசல்பானுக்கு ஒட்டினோமே!

டாக்டரைப் பார்த்த வாரத்திலிருந்து டே புக் எழுதினேன். வங்கிக்காரனுக்கு வேறென்ன தெரியும். ஊற்றுகிற ஒவ்வொரு முறையும் அளவு ஜாரில் அளந்து எழுத வேண்டும், ருசி பார்க்கிற இரண்டு வாய் உட்பட. முதல் வாரம் மொத்தம் 2,900 மில்லி. 275 கிராம் எத்தனால். பிரிட்டனில் அரசு மருத்துவர்கள் இதற்கு மேல் வேண்டாம் என்று சொல்கிற அளவு வாரத்துக்கு 112 கிராம். நான் இரண்டு மடங்கைத் தாண்டி உட்கார்ந்திருந்தேன். யாராவது கேட்டால் "கொஞ்சம்தான், ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாடி" என்றுதான் சொல்லியிருப்பேன். அது பொய்யில்லை. அப்படித்தான் நம்பினேன்.

தானே தயாரித்துக் குடிக்கிறவன் ஏமாறுவது எங்கே என்று யோசித்துப் பார்த்தேன். கடையில் வாங்குகிறவனுக்குப் பையில் காசு குறைவது தெரிகிறது. நமக்கு அது தெரிவதில்லை. பழம் சும்மா கிடந்தது, சர்க்கரைதான் செலவு. அடுத்தது ருசி பார்த்தல். ஒரு கேன் தயாராகும் ஆறு வாரத்தில் "புளிப்பு இறங்கிச்சா, தெளிஞ்சுதா" என்று எத்தனை தடவை டம்ளர் நீட்டுகிறோம்! அது குடிப்பதில் சேராதாம், வேலையில் சேருமாம். பிறகு விருந்தாளி. வருகிறவர்களுக்குக் கொடுத்து, "அருமையா இருக்கு சார்" என்று கேட்க வேண்டும். அவர் ஒரு டம்ளர் குடித்தால் கூட நாம் இரண்டு.

இது எல்லாவற்றையும்விட எனக்குப் பெரிய சிக்கல் கேன்தான். சொன்னால் சிரிப்பீர்கள். நாவல் சீசன் வந்துவிட்டது, கேன் காலியில்லை, வாழை ஒயின் எட்டு லிட்டர் மிச்சம். நாவல் போட வேண்டுமே என்று வாழையைக் குடித்துத் தீர்த்தேன்! ஆசை குடிப்பதில்கூட இல்லை, அடுத்ததைப் போடுவதில்தான். ஆனால் போட்டதெல்லாம் எங்கே போகும்? வயிற்றுக்குத்தான். செய்முறைதான் என்னை இழுத்துக்கொண்டு போனது, போதை கூடவே வந்து உட்கார்ந்துகொண்டது.

இது புரிந்த பிறகுதான் குறைக்க வழி தெரிந்தது. அதற்கு முன் இரண்டு தடவை "நாளையிலிருந்து நிறுத்தம்" என்று சொல்லிப் பார்த்தேன். ஒன்பதாம் நாள், பதினோராம் நாள் என்று முடிந்தது. கேன் மூலையில் பொங்கிக்கொண்டிருக்கும்போது நிறுத்தம் எங்கே நடக்கும். மூன்றாவது முறை கேன்களைத்தான் முதலில் அப்புறப்படுத்தினேன். ஏழு கேன்களும் வயலுக்குப் போய்விட்டன. இரண்டில் மீன் அமிலம், மூன்றில் பழக்கரைசல், இரண்டில் இ.எம். கரைசல். மிச்சமிருந்த ஒயினில் பாதியை வாய் அகன்ற ஜாடியில் ஊற்றித் துணி கட்டி வைத்தேன். காற்றுப் பட்டால் வேறொரு பாக்டீரியா வந்து எத்தனாலைத் தின்று வினிகர் ஆக்கும். ஒரு மாதத்தில் நல்ல வினிகர். வீட்டம்மா அதில் மாவடு போட்டாள். ஐந்து வருஷத்தில் என் ஒயினைப் பற்றி அவள் நல்லதாகச் சொன்ன ஒரே தடவை அது.

டே புக்கை விடவில்லை. 275 கிராம் 160 ஆனது, பிறகு 90, பிறகு 40. ஐந்தாவது மாதம் பல பக்கங்கள் வெறுமையாக இருந்தன. கஷ்டமான நேரம் சாயங்காலம் ஏழு மணி. கை எதையாவது தேடும். அந்த நேரத்துக்கு எலுமிச்சை சோடா, மோர், கோடையில் பதநீர் என்று ஏதோ ஒன்றை டம்ளரில் ஊற்றி வைத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை வந்துகொண்டிருந்த நண்பர்களில் இரண்டு பேர் வருவதை நிறுத்திவிட்டார்கள். அது வருத்தம்தான். என்னைப் பார்க்க வந்தார்களா, கேனைப் பார்க்க வந்தார்களா என்று யோசித்தால் தூக்கம் வராது, அதனால் யோசிப்பதில்லை. ஜி.ஜி.டி. இறங்கிவிட்டது. ஸ்கேன் இன்னும் முழுசாகச் சரியாகவில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. என் அளவுக்கு இப்படிப் படிப்படியாகக் குறைக்க முடிந்தது. தினமும் நிறையக் குடிக்கிறவர்கள், காலையில் கை நடுங்குகிறவர்கள் ஒரே நாளில் தாங்களாக நிறுத்தக் கூடாது. வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவில் போய்ச் சொன்னால் மருந்து கொடுத்து இறக்கிவிடுவார்கள். 14446 என்று மத்திய அரசின் இலவச உதவி எண் இருக்கிறது. எங்கள் வயல்காரருக்கு இந்த எண்ணைக் கொடுத்தேன். வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார், அவ்வளவுதான். நான் அவருக்கு உபதேசம் செய்வதை நிறுத்திவிட்டேன். எனக்கு அந்த அருகதை கொஞ்ச நாள் கழித்துத்தான் வரும்.

மறுபடி கள்ளுக்கு வருகிறேன். ராஜாஜி அரசு 1937-ல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது. நம்ம ஸ்ரீரங்கத்து டாக்டர் தி.சே.சௌ. ராஜன் அந்த அமைச்சரவையில் சுகாதார அமைச்சர். 1971-ல் மதுவிலக்கு தளர்ந்தது. கொஞ்ச வருஷத்தில் மூடினார்கள், 1981-ல் திறந்தார்கள், 1987-ல் கள்ளுக்கடையையும் சாராயக் கடையையும் மூடினார்கள். 2003-லிருந்து பாட்டில் கடையை அரசே நடத்துகிறது. இவ்வளவு காலமும் நடந்த சண்டை யார் விற்பது என்பதைப் பற்றித்தான். குத்தகைக்காரரா, அரசா, மரமேறியா? ஒருவன் எவ்வளவு குடிக்கிறான் என்று ஆள்கிறவர்களும் கேட்கவில்லை, எதிர்க்கிறவர்களும் கேட்கவில்லை. இப்போது நாமும் கேட்க மாட்டோம் என்றால் என்ன அர்த்தம்?

பனையும் தென்னையும் வைத்திருக்கிறவனுக்குக் கள் இறக்கும் உரிமை வேண்டும். பனையேறி வழக்குக்குப் பயப்படாமல் மரம் ஏற வேண்டும். நல்லசாமி அய்யா போன்றவர்கள் இதற்காக இத்தனை வருஷம் போராடுவது நியாயம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிரைக் குடித்தபோது, கள் கிடைத்திருந்தால் இவர்கள் அந்தப் பாக்கெட்டைத் தேடிப் போயிருப்பார்களா என்று நம் ஆட்கள் கேட்டதும் நியாயம். ஆனால் உரிமை கேட்கிற அதே மூச்சில் "எவ்வளவு குடித்தாலும் ஒன்றும் பண்ணாது" என்று சொன்னோமென்றால், நாம் உரக் கம்பெனிக்காரன் பேச்சைப் பேசுகிறோம். எவ்வளவு போட்டாலும் மண்ணுக்கு ஒன்றும் ஆகாது என்று அவன்தான் நம்மிடம் சொன்னான்.

பெண்கள் இந்தப் பேச்சை எப்படிக் கேட்பார்கள் என்றும் யோசிக்க வேண்டும். நகைக்கடன் மேஜையில் நான் இருந்த காலத்தில் ஒரே சங்கிலியை வருஷத்துக்கு மூன்று தடவை கொண்டுவருகிற அம்மாக்களைப் பார்த்திருக்கிறேன். விதைக்கு, கல்யாணத்துக்கு என்று படிவத்தில் எழுதுவோம். உண்மைக் காரணத்தை எடை போடும்போது மெதுவாகச் சொல்வார்கள். அந்த அம்மாக்கள் நம் கூட்டத்துக்கு வந்து, கள் உணவு என்று நாம் கைதட்டுவதைக் கேட்டால் அடுத்த கூட்டத்துக்கு வருவார்களா? நம் மாடியில் அன்றைக்கு இருந்த இருபது பேரில் பெண்கள் இரண்டே பேர். அவர்கள் கை தட்டியதாக எனக்கு நினைவில்லை.

பஞ்சகவ்யாவுக்குக் கள் வேண்டுமே என்று ஒருவர் கேட்டார். கொடுமுடி டாக்டர் நடராஜன் முறையில் இரண்டு லிட்டர் கள் வருகிறது, உண்மைதான். கிடைக்காதவர்கள் இரண்டு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் 100 கிராம் ஈஸ்ட்டும் 100 கிராம் வெல்லமும் கரைத்து, அரை மணி நேரம் விட்டு ஊற்றலாம். இளநீரைப் பத்து நாள் மூடிப் புளிக்க வைத்தும் ஊற்றலாம். நான் இரண்டும் செய்திருக்கிறேன், வாழையில் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. நொதிக்க வைக்கும் கை உள்ளவர்களுக்கு நம் தொழிலில் வேலை குறைவே இல்லை. தென்னை வைத்திருப்பவர்களுக்கு 2017-லிருந்து நீரா இறக்க உரிமம் கிடைக்கிறது. குளிர்ப்பெட்டி, சுத்தம், கூட்டமைப்பு என்று தொல்லை நிறைய. ஆனாலும் அது பற்றி நம் கூட்டத்தில் ஐந்து நிமிஷம்கூடப் பேசியதில்லை.

வருகிற கூட்டத்தில் மூன்று விஷயங்களைத் தீர்மானமாக வைக்கப் போகிறேன். கள் தடையை நீக்கக் கோரும் நம் மனுவில், கள்ளிலும் எத்தனால் உண்டு, விற்கும் இடத்தில் சதவீதத்தையும் அளவையும் எழுதி வைக்க வேண்டும் என்று நாமே ஒரு வரி சேர்க்க வேண்டும். பண்ணைப் பார்வை, பயிற்சி முகாம், அறுவடை விழா எதிலும் வீட்டு ஒயினோ கள்ளோ பரிமாறக் கூடாது. இதுவரை பரிமாறியவர்களில் நான் முதல் ஆள். குறைக்க நினைக்கிற உறுப்பினர் யாராக இருந்தாலும், பெயர் வெளியே போகாமல் பேச இரண்டு பேரை நியமிக்க வேண்டும். அந்த இரண்டு பேரில் ஒருவனாக இருக்க நான் தயார், டே புக்கோடு.

எதிர்ப்பு இருக்கும், தெரியும். மாடியில் உட்கார்ந்து சண்டை போடுவோம். பதநீர் நான் கொண்டுவருகிறேன். சீசன் முடிவதற்குள் கூட்டத்தை வையுங்கள்.